பாதி இறங்கிய கைகாட்டி

எங்கள் வீட்டை இடிக்கப் போகிற விஷயம் ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பழைய ஸ்டேஷனின் கறுப்பு வெள்ளைப் படம். யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, ரயில் பாரம்பரியக் குழுவின் கூட்ட அறையில் மாட்டியிருந்தார்கள். நடைமேடை இருந்தது, ஓட்டுக் கூரை இருந்தது, சிக்னல் கேபின் இருந்தது, கேட் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூப்பாத்தி இருந்தது. படத்துக்குக் கீழே ‘அன்று இப்படி இருந்தது, மீண்டும் இப்படியே ஆகும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுப் புரியாத மாதிரி நடிக்க எனக்கு வராது.

நான் அந்தக் குழுவில்தான் வேலை பார்த்தேன். பழைய பார்சல் அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. வேலைக்குப் பெயர் நினைவுப் பதிவாளர். ரயிலில் போனவர்கள், ரயிலை வேடிக்கை பார்த்தவர்கள், சித்தப்பா ரயில்வேயில் இருந்தவர்கள் என்று பலரும் எதிரில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். நான் அதைத் தட்டச்சு செய்து, சுவரில் மாட்டுகிற பலகைக்கு ஏற்றபடி சுருக்குவேன். கரிப்புகை வாசத்தில் ஆரம்பிக்காத ஆள் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதை அடுத்தது. சொல்லும்போதே கண் கலங்கிவிடும். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களும் இரண்டொருவர் வந்தார்கள். அவர்கள் வாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இருமலைப் பற்றித்தான் பேசினார்கள். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வார் தலைவர்.

தலைவர் பல் டாக்டர். வாரம் முழுக்க வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடைமேடையில் நிற்பார். வழக்கமான ரயில்கள் இந்தப் பாதையில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. பாதையைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு நீராவி எஞ்சினைப் பழுது பார்த்து, ஞாயிறுதோறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவது குழுவின் வேலை. தலைவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கடைவாய்ப் பல் ஒன்றை இலவசமாகப் பிடுங்கியிருக்கிறார், மறுக்க மாட்டேன். விருந்தாளி யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, நம்ம கேட் கீப்பர் அம்மாவோட பொண்ணு, அந்த வீட்டிலேயே முதல் பட்டதாரி, இப்போ நம்மகிட்டதான் என்பார். எஞ்சினைக் காட்டும்போதும் அதே குரலில்தான் ‘இப்போ நம்மகிட்டதான்’ என்பார்.

படத்தைப் பார்த்த அன்றைக்கே அவரிடம் போய்க் கேட்டுவிட்டேன். வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் முதலில் உட்காரச் சொன்னார். பிறகு, வீடு பின்னால் வந்தது, மூலத் தோற்றத்தில் அது இல்லை, தகரக் கூரையும் துணிக்கொடியும் படத்தைக் கெடுக்கின்றன என்று நிபுணர் சொன்னதைச் சொன்னார். நூற்றாண்டு விழா ரயில் ஓடி முடிந்ததும் காலி செய்தால் போதுமாம். தன் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறதாம், அம்மா அங்கே நிம்மதியாக இருக்கலாமாம். அம்மாவுக்கும் வயதாகிறதே என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஆறுதலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும்போல.

“அம்மாவோட நினைவுகளை நல்லாப் பதிவு பண்ணி வச்சிடும்மா. வீடு போனாலும் அது இருக்கும்ல.”

பல் பிடுங்கும்போதும் இப்படித்தான் பேசினார்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு துவைக்கிற கல். அப்பா தண்டவாளக் கூலிக் கூட்டத்தில் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாக அம்மாவுக்கு கேட் வேலை கொடுத்தார்கள், வேலையோடு இந்த வீட்டையும். ரயில் வரும்போது கேட்டைச் சாத்துவது, போனதும் திறப்பது. ரயில்கள் நின்ற பிறகு குழு வந்தது, அம்மாவை அப்படியே வைத்துக்கொண்டது.

ஆனால் கேட் மட்டும் அம்மாவின் வேலை இல்லை. இதுதான் யாருக்கும் தெரியாது.

கேட்டைத் தாண்டி, பாதை வளைகிற இடத்துக்கு அப்பால் ஒரு கைகாட்டி இருக்கிறது. உயரமான கம்பத்தில் சிவப்புக் கை. கை நேராக நீட்டியிருந்தால் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும், இறங்கியிருந்தால் வரலாம். அந்தக் கையை இறக்குகிற லீவர் ஸ்டேஷன் பக்கத்துக் கேபினில் இருக்கிறது. லீவருக்கும் கைக்கும் நடுவே இருப்பது வெறும் இரும்புக் கம்பி. தண்டவாளத்தை ஒட்டி, சின்னச் சின்ன உருளைகள் மேல் ஓடி, எங்கள் சமையலறைச் சுவருக்குப் பின்னால் திரும்பி, வளைவைத் தாண்டிப் போகும். வெயில் ஏறினால் கம்பி நீண்டுவிடும். நீண்டுவிட்டால் கேபினில் லீவரை முழுக்க இழுத்தாலும் அங்கே கை பாதிதான் இறங்கும். வெயில் தாழ்ந்தால் கம்பி சுருங்கும். அப்போது யாரும் இழுக்காமலேயே கை தொங்க ஆரம்பிக்கும், அது இன்னும் ஆபத்து. கேபினில் இதைச் சரிசெய்ய ஒரு சக்கரம் இருந்ததாம், அது உடைந்துபோனது. புதுச் சக்கரம் வாங்குவதற்குப் பதில் அந்தக் காலத்து அதிகாரிகள் கம்பிக்கு நடுவில் அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு வைத்து, அதைத் திருக ஓர் ஆள் வேண்டும் என்று அங்கேயே ஒரு வீட்டையும் கட்டினார்கள். அந்த வீடுதான் எங்கள் வீடு. பூப்பாத்தியை அழித்துவிட்டு வீடு கட்ட அவர்களுக்கு வேறு வேண்டுதல் ஒன்றும் இல்லை.

அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கைகாட்டியைப் பார்ப்பாள். அடுப்பில் ஒரு கண், கையில் ஒரு கண். வெயில் ஏற ஏறப் பின்னால் போய்த் திருகை இறுக்குவாள், சாயங்காலம் தளர்த்துவாள். வண்டி ஓடாத நாளிலும் இதை விட்டதில்லை, விட்டால் கை தானாகத் தொங்கிவிடும். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரிதான். எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பரீட்சைக்குப் படிக்கிற நாட்களில்கூட ‘எழுந்து போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்து படிடி’ என்பாள்.

குழு வந்ததும் கேபினில் இருந்த லீவர்களுக்கெல்லாம் சிவப்பும் நீலமும் அடித்துப் பளபளவென்று ஆக்கினார்கள். லீவரை இழுத்தால் கை இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் இறங்கிக்கொண்டுதானே இருந்தது. நான் கம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பலகைக்கு என்று தலைவரிடம் கொடுத்தேன். ரொம்ப டெக்னிக்கலாக இருக்கிறது, இதில் மனசைத் தொடுகிற மாதிரி எதுவும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் கரித்தூள் கதை மாட்டப்பட்டது.

இப்போது விழா. பாதையைக் குத்தகைக்கு விட்ட அலுவலகத்தின் தலைமை அதிகாரி அம்மையார் குடும்பத்தோடு ரயிலில் வருவார், நடைமேடையில் மேடை, மைக், நாற்காலிகள். தலைவர் ஒரு யோசனை சொன்னார். பழைய ரயில்வே ஊழியர்களை முதல் வரிசையில் உட்கார வைத்துக் கௌரவிக்க வேண்டும். கிடைத்த பழைய ஊழியர் அம்மா ஒருத்திதான். எனவே அம்மாவுக்கு அந்தக் காலத்துச் சீருடை மாதிரி ஒன்று தைக்கக் கொடுத்தார்கள். அப்படி ஒரு சீருடையை அம்மா வாழ்நாளில் போட்டதில்லை. அவள் பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டுதான் கேட்டைச் சாத்துவாள். அன்றைக்கு கேட்டில் நிற்க, குழு உறுப்பினரான ஒரு வங்கி அதிகாரி ஆசைப்பட்டார். கொடி பிடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கனவாம். அம்மாவின் கொடிகளை வாங்கிக்கொண்டு போனார்.

அதாவது, வேலை செய்கிற ஆளை வேலையிலிருந்து எழுப்பி, வேலை செய்த ஆள் என்று உட்கார வைத்தார்கள். இந்தத் தப்பை நினைவுகளை நேசிக்கிறவர்களால்தான் செய்ய முடியும். ஒரு சாதாரண மேஸ்திரி செய்ய மாட்டார்.

நான் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விழாவுக்கு முந்தின வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் திருகை யார் பார்ப்பது, கை இறங்காது என்றேன். கேபினுக்குப் பொறுப்பான உறுப்பினர், லீவருக்கெல்லாம் எண்ணெய் போட்டாயிற்று, நூலிழை பிசகாது என்றார். வங்கி அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டு விஷயத்தில் எனக்கு மனவருத்தம், அதனால் பேசுகிறேன் என்று தலைவர் மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. சரி, எனக்கு மனவருத்தம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ திருகைத் தொடாதே, அவர்கள் சொன்னபடி போய் உட்கார், என்ன ஆகிறது என்று பார்க்கட்டும் என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடு போகப் போகிறது என்று சொன்னபோதும் அவள் இப்படித்தான் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போவது என்று மட்டும் கேட்டாள், கிளினிக்குக்குப் பின்னால் என்றேன், பல் பிடுங்குறப்ப கத்துவாங்களே என்றாள். ஆனால் திருகு என்றதும் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அவங்க மேல கோவம்னா அவங்களைத் திட்டு. வண்டி என்னடி பண்ணுச்சு?”

வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றேன். பாதி இறங்கிய கைக்கும் அர்த்தம் ‘நில்’தான், டிரைவர் நிறுத்துவார், அவ்வளவுதான் என்றேன். அது தனக்கும் தெரியும் என்றாள். நிற்கக் கூடாத வண்டி தன்னால் நின்றது என்று ஒரு நாளும் இருந்ததில்லை, இனிமேல் அப்படி ஒன்று எதற்கு என்றாள். நான் கத்தினேன். உனக்கு வீடு முக்கியமா, கைகாட்டி முக்கியமா என்று கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலேஜுக்கு அனுப்பினது ரெண்டுல ஒண்ணைத் தொலைக்கிறதுக்கா?” என்றாள்.

அன்றைக்கு அதோடு சரி. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கோபத்தில் யோசிக்கிறவளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், அம்மாவுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. எப்படி என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. அம்மா விடிந்ததும் திருகை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சீருடையைப் புடவைக்கு மேல் போட்டாள். அந்த நேரத்துக்கு அது சரி. ரயில் வருகிற நேரத்துக்குச் சரியாக இருக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். புதுச் சீருடை தோளில் பெரிதாக இருந்தது, பித்தான்கள் மினுங்கின. முதல் வரிசை நடு நாற்காலி. பக்கத்தில் நான். புகைப்படக்காரர் அம்மாவைக் கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார், தூரத்தைப் பார்க்கச் சொன்னார், கொஞ்சம் சோகமாகப் பார்க்கச் சொன்னார். அம்மா தூரத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் கேபின் தெரியும், கேட் தெரியும், எங்கள் தகரக் கூரை தெரியும். வளைவுக்கு அப்பால் இருக்கிற கைகாட்டி தெரியாது.

ரயிலின் ஊதல் கேட்டது. கூட்டம் கைதட்டியது. அம்மா தட்டவில்லை.

ஒரு நீள ஊதல். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு நீள ஊதல். உள்ளே வருகிற வண்டி அப்படி ஊதாது. நின்றுவிட்ட வண்டிதான் வழி கேட்டு அப்படி ஊதும். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. நின்னுட்டாருடி என்றாள், உதடு அசையாமல்.

தலைவர் மைக்கில் இதோ வந்துவிட்டது என்றார். அதையே மூன்றாம் முறை சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கேபினுக்கு ஆள் ஓடியது. லீவரை முழுக்க இழுத்தாயிற்று, இதற்கு மேல் இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று பதில் வந்தது. உடனே வங்கி அதிகாரியைப் பச்சைக் கொடியோடு அனுப்பினார்கள். சின்ன வயதுக் கனவைத் தூக்கிக்கொண்டு அவர் தண்டவாளம் வழியாக ஓடினார். வெயிலில் போனவர் வெயிலில் திரும்பி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. டிரைவர் நகர மாட்டேன் என்கிறாராம். கை பாதியில் தொங்குகிறது, பாதி என்றால் எனக்கு ‘நில்’தான், கொடி காட்டுகிறவர் யார், அவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாராம். தலைவர்தான் அனுப்பினார், அவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு டிரைவர் சொன்னதை அவர் அப்படியே எல்லோர் முன்னாலும் ஒப்பித்தார், பாவம், மூச்சிரைப்பில் யோசிக்கவில்லை.

“தொப்பி போட்டவங்க எல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர்னா, என் பேரன்கிட்ட ரெண்டு தொப்பி இருக்கு, அவனைக் கேட்டுட்டு எடுக்கறேன்னாரு.”

பின் வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். தலைவரின் கை தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. ரயிலுக்குள் இருந்து அதிகாரி அம்மையார். டிரைவர் செய்வது சரி, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கம்பியை யார் பார்க்கிறார்களோ அவர்களை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். வண்டிக்குள் குழந்தைகள் தண்ணீர் கேட்கின்றன என்றும் சொன்னாராம்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி எங்கள் நாற்காலிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் குனிந்து, கொஞ்சம் போய் அந்தத் திருகைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார். அம்மா ஏற்கெனவே பாதி எழுந்திருந்தாள். அவள் உடம்பு முழுக்க எழுந்திருந்தது, கால் மட்டும்தான் பாக்கி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போனால் நாளைக்கு வீடு இல்லை என்று காதில் சொன்னேன். இன்னொரு ஊதல் கேட்டது. அம்மா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.

“போறேங்க,” என்றாள். “எங்க போகணும்?”

“வீட்டுக்குத்தாம்மா. உங்க வீட்டுக்குப் பின்னாடி.”

“அதை எடுக்கப் போறதாச் சொன்னீங்களே. வீடே இல்லேன்னா எந்த வீட்டுக்குப் பின்னாடி போய் நிக்கிறது?”

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. கேட்டைச் சாத்தலாமா என்று கேபினுக்குப் போன் போட்டுக் கேட்பாளே, அதே குரல். வேலை சம்பந்தமாக ஒரு சந்தேகம், தீர்த்துவிட்டால் போய்விடுவேன் என்கிற மாதிரி. அம்மா தொடர்ந்தாள்.

“இன்னைக்கு நான் இறுக்கிடுவேன். சாயங்காலம் யாரு தளர்த்துவாங்க? அடுத்த ஞாயித்துக்கிழமை யாரு? ஆள் வச்சிருக்கீங்கன்னா சொல்லுங்க, நான் இப்படியே உக்காந்துக்கறேன்.”

முதல் வரிசைக்குக் கேட்டது, இரண்டாவது வரிசைக்கும் கேட்டது. மூன்றாவது வரிசைக்கு இரண்டாவது வரிசை சொன்னது. தலைவர் இதையெல்லாம் பிறகு உட்கார்ந்து பேசலாம், குழுவில் வைக்கலாம் என்று இழுத்தார். நான் எழுந்தேன்.

“மைக்கில சொல்லுங்க சார். வண்டி நிக்குது.”

அதைச் சொல்லும்போது எனக்குப் பயமே இல்லை. கை இறங்காமல் செய்தது நான் இல்லை, வெயில். வண்டியை நிறுத்தியது நான் இல்லை, விதி. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தது நான் இல்லை, அவர்கள். என் பக்கம் இருந்தது கேள்வி ஒன்றுதான். அதைப் போன வாரமே கூட்டத்தில் கேட்டும்விட்டேன்.

தலைவர் மேடைக்குப் போனார். தொண்டையைச் செருமினார். பேச்சில் மனிதர் கெட்டிக்காரர், அதைச் சொல்ல வேண்டும். நாற்பது அடி நடப்பதற்குள் எல்லாவற்றையும் தன் யோசனையாக மாற்றிக்கொண்டுவிட்டார். இந்தப் பாதையின் இதயம் ஒரு சின்ன வீட்டுக்குப் பின்னால் துடிக்கிறது என்றார். கேட் கீப்பரின் வீடு இடிக்கப்படும் என்று சில வதந்திகள் உலவுகின்றன, அது இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த அம்மா அதிலேயே இருப்பார் என்றார். கூட்டம் கைதட்டியது. வதந்தி என்ற சொல்லைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா என் கையை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டாள். வீடு இருக்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை.

ஓடவில்லை. தண்டவாளத்தை ஒட்டி ஓடக் கூடாது என்பது அவள் பழக்கம். புதுச் சீருடையின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வேகமாக நடந்தாள். கேட்டருகில் சட்டையைக் கழற்றி, மறுபடி அங்கே வந்து நின்றிருந்த வங்கி அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் மறைந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஊதல், இந்த முறை குட்டையாக, இரண்டு தடவை. வருகிறேன் என்று அர்த்தம். வளைவில் புகை தெரிந்தது. எஞ்சின் கேட்டைத் தாண்டும்போது டிரைவர் கூட்டத்துக்குக் கை காட்டவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையிலேயே தலைவரைப் பார்க்கக் கிளம்பினேன். மைக்கில் சொன்னது காற்றோடு போய்விடும், குழுத் தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி அதையாவது சொல்லிக் கொடுத்திருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள், வா என்றேன். கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். தலைவர் என் தாளை வாசித்தார். வீடு கேட் கீப்பருடையது, கேட்டோடு கம்பியும் அவர் பொறுப்பு, அவர் விட்டுப் போகிற நாள் வரை யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு முன்னால் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைத்துக்கொள்ளட்டுமா, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகள் சமையலறையை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஆட்கள் குடியிருக்கிற வீடு அது, அவர்கள் சாப்பிடுகிற இடம் என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் வெயில் இன்னும் அவர் மண்டையில் இருந்தது.

பேனாவை மூடிவிட்டு, இப்போது திருப்திதானே, வேறு ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. ஒன்றுமில்லைங்க என்று சொல்வாள் என்று நானும்தான் நினைத்தேன்.

“வாரத்துல ஒரு நாள் லீவு வேணுங்க,” என்றாள் அம்மா.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். எனக்கே தோன்றாத விஷயம். இத்தனை வருஷத்தில் அம்மா லீவு எடுத்து நான் பார்த்ததில்லை, எனக்கு அது தெரியவும் இல்லை. அன்றைக்குத் திருகை யார் பார்ப்பது என்று கேட்டார் தலைவர். ஆள் போடுங்கள், சொல்லித் தருகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நின்று பார்க்கப் பொறுமை வேண்டும் என்றாள். நான் தாளை வாங்கி அதையும் கடைசியில் எழுதினேன். அவர் அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், லீவு நாளில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

“தூங்கப் போறேன்டி.”

முதல் லீவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குப் பதிலாக வங்கி அதிகாரிதான் வந்தார். அம்மாவிடம் இரண்டு முறை பாடம் கேட்டுப் போயிருந்தார், ஒரு சின்னத் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வந்திருந்தார். வெயில் ஏறும் நேரம். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று மறந்துவிட்டதாம், அம்மாவை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா என்றார். நான் வாசலில் நின்றேன்.

“வலது பக்கம் இறுகும், இடது பக்கம் தளரும். கை முழுசா இறங்குதான்னு பார்த்துக்கிட்டே திருகுங்க சார். கதவைத் தட்டாதீங்க. அம்மா தூங்குறாங்க.”